ஊர்க் கண்மாய்க்கு ஜிபே அனுப்பும் முன்... நரிக்குடி சீமையில் வசூல் எப்படி நடக்கிறது, காசு எங்கே நிற்கிறது?

பங்குனி கழிந்து கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடிக்கும் நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வரும். 'நம்ம கண்மாயை நாமே தூர்வாருவோம். தலைக்கட்டுக்கு இவ்வளவு. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம்.' கீழே ஒரு ஜிபே எண். அதற்குக் கீழே வாடகைக்கு வந்து நிற்கும் ஜேசிபியின் படம். சென்னையிலோ கோவையிலோ பெங்களூருவிலோ அலுவலக இடைவேளையில் இதைப் பார்ப்பவர் 500 அனுப்பலாமா, 2,000 அனுப்பலாமா என்று யோசிப்பார். அனுப்பியும் விடுவார். அந்தப் பணத்தால் தை மாதம் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நரிக்குடி வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம், திருச்சுழி தாலுகா. மானாமதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் ரயில் பாதையில் நடுவில் வரும் ஊர். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு என்று எதுவும் கிடையாது. குண்டாற்றில் மழை பெய்தால்தான் தண்ணீர். மதுரைக்கு மேற்கே நாகமலைப் பக்கம் பிறந்து, மதுரை நகரத்துக்குள் சாக்கடையாகி, பிறகு சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களை நம்ப வைக்கும் கிருதுமால் நதியும் அப்படித்தான். வைகையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் 'விரகனூர் மதகணையிலிருந்து கிருதுமாலுக்கும் விடுங்கய்யா' என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பது வழக்கமான காட்சி. மற்றபடி ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் பிடித்தால் நெல். பிடிக்காவிட்டால் மிளகாய், பருத்தி. அதுவும் இல்லாவிட்டால் திருப்பூர், சென்னை.

குழி வேறு, கண்மாய் வேறு

தூர்வாரும் வசூலில் நடக்கும் முதல் தப்பு, கண்மாயை ஒரு பெரிய பள்ளம் என்று நினைப்பது. நிலத்தின் சரிவைப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை போட்டு, தண்ணீரைச் சாய்த்து நிறுத்தி வைக்கும் ஏற்பாடுதான் கண்மாய். மேட்டுப் பக்கம் கரை இருக்காது. அங்கிருந்துதான் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். கரையில் மடை இருக்கும்; அதைத் திறந்தால் மோட்டார் இல்லாமல், கரண்ட் இல்லாமல் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். அளவுக்கு மேல் வந்தால் கலுங்கு வழியாக வழியும். வழிந்தது வீணாகாது. அது மறுகால் ஓடி அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்தாகும். இப்படி ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போகும் சங்கிலியில்தான் இந்தச் சீமையின் ஊர்கள் எல்லாம் கோக்கப்பட்டிருக்கின்றன. 'எங்க கண்மாய் மறுகால் பாயுது' என்று மேல் ஊர்க்காரர் போனில் சொன்னால், கீழ் ஊரில் நாற்றங்காலுக்கு விதை நெல்லை எடுத்து வெளியே வைப்பார்கள்.

கரைச் சரிவை அலை அரிக்காமல் இருக்க அலைகல். கரை மேல் பனை. ஆடு மாடு இறங்க ஒரு பக்கம் சரிவு. குடிதண்ணீருக்குத் தனியாக ஊருணி. அதில் மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. இந்த இடத்தில் மேடு, அந்த இடத்தில் பள்ளம், இங்கே மரம், அங்கே நடைபாதை என்று நிலத்தை மனிதத் தேவைக்கு ஏற்ப வடிவமைப்பதைத்தான் இன்றைக்கு 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்' என்று காசு கட்டிப் படிக்கிறார்கள். நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் அதைப் படிக்காதவர்கள் செய்து வைத்தார்கள். செய்தது மட்டுமில்லை, அதைக் கூட்டமாகப் பராமரிக்கவும், அதற்குக் காசு திரட்டவும் ஒரு ஏற்பாடும் வைத்திருந்தார்கள்.

கண்மாயே கண்மாய்க்குச் சம்பாதித்தது

ஏரி பராமரிப்புக்குக் கமிட்டி என்பது புது யோசனை இல்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் இன்னும் இரண்டு சொற்கள் கவனிக்க வேண்டியவை: ஏரிப்பட்டி, மீன்பாட்டம். முதலாவது, ஏரியின் பராமரிப்புக்கென்று எழுதி வைத்த நிலம். இரண்டாவது, ஏரி மீனிலிருந்து வரும் வருமானம். அதை ஏரிக்கே செலவு செய்யச் சொன்ன ஊர்கள் இருந்தன. ஆக, நன்கொடை கேட்டுத் துண்டை விரிக்கும் வேலை பெரிதாக இல்லை. கண்மாய் தன் செலவுக்குத் தானே சம்பாதித்தது.

தென் சீமையில் குடிமராமத்து என்ற பெயரில் இது பழகிய வழக்கம். ஆயக்கட்டில் எவ்வளவு நிலம் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். வராதவர் வீட்டுக்குத் தண்டம். மடையைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துப் பாய்ச்ச ஓர் ஆள் இருந்தார். நீர்பாய்ச்சி, மடையன், நீர்க்கட்டி என்று ஊருக்கு ஊர் அவருக்குப் பெயர் மாறும். அவருக்குக் கூலி களத்து மேட்டில் நெல்லாக அளக்கப்பட்டது. விளைந்தால் அவருக்கும் உண்டு. விளையாவிட்டால் அவருக்கும் இல்லை. அதனால் கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போய்ச் சேருவதில் அவருக்கும் அக்கறை இருந்தது.

இதைப் பொற்காலம் என்று பாடிவிட முடியாது. நள்ளிரவு மழையில் கரை உடையும் நேரத்தில் உயிரைப் பணயம் வைத்து மடைக்குள் முங்கியவர்கள் பெரும்பாலும் தலித் சமூகத்தவர். தண்ணீர் பங்கீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவருக்கு உட்கார இடம் கிடையாது. நிலம் இல்லாதவருக்குக் கண்மாயில் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை இருந்தது, முடிவெடுக்க இல்லை. பெண்கள் பேச்சையே எடுக்க வேண்டாம்.

இதே மண்ணில் வசூலுக்கு வேறு ஒரு பாரம்பரியமும் உண்டு. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி வியாபாரிகளின் மகமை. விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை எடுத்து உறவின்முறைப் பொது நிதியில் போடுவார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும் 'பிடி அரிசி'யும் இந்தப் பக்கத்துப் பழக்கம்தான். 1880-களில் விருதுநகரில் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளி அப்படிச் சேர்ந்த காசில் வளர்ந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். மகமையின் சூட்சுமம் எளிது. பெரிய நன்கொடையாளரைத் தேடிப் போகவில்லை. நடக்கிற வியாபாரத்திலேயே ஒரு சிறு வடிகால் வெட்டினார்கள். வியாபாரம் நடக்கும்வரை நிதியும் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் வசூல் செய்து ஒரு நாளில் செலவழித்துவிடும் வாட்ஸ்அப் வசூலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வருமானம் கைமாறிய கதை

1858-ல் மெட்ராஸ் மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது: கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடைகிற அவசரத்தில் ஆள் பிடிக்கவும், குடிமராமத்துக்கு வராதவர்களிடம் காசு வசூலிக்கவும் அரசு அதிகாரிக்கு அதிகாரம் தந்தது. ஊர் தானாகச் செய்துவந்ததைச் சட்டம் போட்டுச் செய்யச் சொல்ல வேண்டி வந்தது என்பதிலேயே, அதற்குள் ஊர் ஏற்பாடு ஆட்டம் கண்டிருந்தது தெரிகிறது. ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள் ஆண்ட சீமையில் நிலைமை வேறு மாதிரி. விளைச்சலில் வாரம் வாங்கும் வரை கண்மாயைப் பார்த்துக்கொள்வதில் ஜமீனுக்கு லாபம் இருந்தது. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு கண்மாய்கள் அரசுக்கு வந்தன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறைக்கு (இப்போது நீர்வளத்துறை), அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. மேல் கண்மாய் ஒரு துறை, கீழ் கண்மாய் இன்னொரு துறை. நடுவில் ஓடும் வரத்துக்கால் யார் பொறுப்பு என்று கேட்டால், இரண்டு ஆபீஸும் கை நீட்டும். எதிரெதிர் திசையில்.

உடைமை மாறியபோது வருமானமும் மாறியது. மீன்பாசி குத்தகைப் பணம் துறைக்கோ ஊராட்சிக்கோ போகிறது. 1981 முதல் சுவீடன் நிதி உதவியுடன் நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களின் உள்ளே நாட்டுக் கருவேலம் நட்டார்கள். வெட்டும்போது ஊராட்சிக்குப் பங்கு உண்டு, ஆயக்கட்டுதாரர் சங்கத்துக்கு இல்லை. அப்புறம் சீமைக் கருவேலம். விறகுக்காக இந்தச் சீமையில் பரப்பப்பட்டு, கண்மாய், வரத்துக்கால், தரிசு என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட மரம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் அதை ஒழிக்கச் சொல்லிக் கடுமையான உத்தரவுகள் போட்டது. ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் இந்தப் பகுதிக் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியதும் அதே மரத்தின் கரிமூட்டம்தான். அந்த மரத்தை ஏலம் விட்ட காசு கண்மாய்க்குத் திரும்பியிருந்தால், அந்த மரத்தை வேரோடு பிடுங்கும் செலவையாவது பார்த்திருக்கலாம்.

வழக்கத்தில் பல ஊர்களில் ஊரே மீனை ஏலம் விடும், அல்லது சட்டப்படி குத்தகை எடுத்தவரிடம் ஊருக்கென்று ஒரு தொகை பேசி வாங்கும். இந்தக் காசு எங்கே போகிறது? முளைக்கொட்டு, பொங்கல் விழா, கும்பாபிஷேகம், வள்ளி திருமணம் நாடகம். கோயிலுக்குச் செலவு செய்வது தப்பில்லை. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி தனியாக வசூலாகிறதே, பிறகு மீன் காசும் ஏன் அங்கே போக வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் 'சாமி காரியம்' என்பார்கள். மடையின் ஷட்டர் துருப்பிடித்துக் கிடப்பதும் ஒரு வகையில் சாமி காரியம்தான்.

சங்கம் பேப்பரில், கண்மாய் தரையில்

அரசும் இதைச் சரிசெய்யப் பார்த்தது. 2000-ம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாடு பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் நடத்த வழி செய்தது. 2017 மார்ச்சில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். பெயர் பழையது. விதியும் கிட்டத்தட்ட பழையதுதான்: வேலையைச் சங்கமே செய்ய வேண்டும், 10 சதவீதத்தை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ போட வேண்டும்.

அந்த 10 சதவீதம்தான் திட்டத்தின் உயிர்நாடியாக இருந்திருக்க வேண்டும். தன் காசு போட்டவன் கணக்குக் கேட்பான். பல மாவட்டங்களில் எழுந்த புகார் என்னவென்றால், வேலைக்காகவே அவசரமாகச் சங்கங்கள் முளைத்தன, ஒப்பந்ததாரரே அந்த 10 சதவீதத்தையும் 'பார்த்துக்கொண்டார்' என்பது. பில் பாஸானதும் சங்கம் கலைந்தது. நல்ல சங்கம் இருந்த ஊர்களில் அதே திட்டத்தில் நல்ல வேலையும் நடந்தது. திட்டம் சங்கத்தை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சங்கத்துக்குத்தான் திட்டம் உதவியது.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை இதை வேறு வழியில் முயன்றது. 1992-ல் தொடங்கிய அதன் கண்மாய்ப் பணி, வயலகம் என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளைச் சங்கமாக்கியது. சீரமைப்புச் செலவில் விவசாயிகளும் ஒரு பங்கு போட வேண்டும். அதோடு ஒரு மூலதன நிதியைத் திரட்டி வங்கியில் போட்டுவிட்டு, வட்டியை மட்டும் எடுத்து வருடாந்திரப் பராமரிப்பைப் பார்ப்பது. மகமைக்கும் ஏரிப்பட்டிக்கும் இது தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 35,000. மாதத்துக்கு 3,000-க்குச் சற்றுக் குறைவு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் பாசனம் நடக்கும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு நீர்பாய்ச்சிக்குக் கூலியும், ஷட்டருக்குக் கிரீஸும், கரையில் எலி வளை, நண்டு வளை அடைக்க ஆள் கூலியும் இதில் அடங்கும். அதே 5 லட்சத்தை ஒரே வாரத்தில் ஜேசிபிக்குக் கொடுத்தால் வீடியோ நன்றாக இருக்கும்.

நியூயார்க் பூங்காவும் நீர்பாய்ச்சியும்

மெட்ராஸில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்த அதே 1858-ல், நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கு ஃபிரெடெரிக் லா ஆம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் இருவரும் போட்ட வரைபடம் போட்டியில் வென்றது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற தொழில் பெயர் பிரபலமானது இவர்களால்தான். 1899-ல் அமெரிக்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகள் சங்கம் வைத்தார்கள். நிறுவியவர்கள் 11 பேர், அதில் ஒருவர் மட்டும் பெண். 1948-ல் இவர்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. இந்தியாவில் ஐசோலா என்று அழைக்கப்படும் தேசியச் சங்கம் 2003-ல்தான் வந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதற்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

இப்படிப்பட்ட தொழில்முறைச் சங்கங்கள் வண்டியை ஓட்டுவது எப்படி? உறுப்பினர் சந்தா, மாநாட்டுக் கட்டணம், டைல்ஸ், நர்சரி, சொட்டுநீர்க் கம்பெனிகளின் ஸ்பான்சர்ஷிப். நம்மூர்ச் சங்கத்துக்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசமில்லை. சந்தா என்பது தலைக்கட்டு வரி, ஸ்பான்சர் என்பது திருவிழா நோட்டீஸில் பெயர் போடும் உபயதாரர். ஆண்டுக் கூட்டத்தில் சாப்பாடு சரியில்லை என்ற புகார் இரண்டு இடத்திலும் கேட்கும்.

பாடம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அந்த சென்ட்ரல் பார்க்கே 1970-களில் குப்பைமேடாகக் கிடந்தது. நகராட்சியிடம் பணம் இல்லை. 1980-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு காப்பகச் சங்கம் தொடங்கினார்கள். இன்று பூங்காவின் செலவில் பெரும்பங்கை அந்தச் சங்கம்தான் திரட்டுகிறது. பெஞ்சைத் தத்தெடுக்கலாம், காசு கொடுத்தவர் சொல்லும் வாசகம் பெஞ்சில் பதியும், பணம் பராமரிப்புக்குப் போகும். பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான தோட்டக்காரரை வைத்தார்கள். எங்கே புல் காய்ந்தாலும் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். நரிக்குடிப் பக்கம் அந்த ஆளின் பெயர் நீர்பாய்ச்சி. அவருடைய கூலியைத்தான் நாம் முதலில் நிறுத்தினோம்.

பொருளாதாரத்துக்கு 2009-ல் நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம், உலகம் முழுக்க இப்படிப் பொதுச் சொத்தை நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றிய ஊர்களை ஆராய்ந்தவர். விதியை அனுபவிப்பவர்களே போட வேண்டும், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும், மீறினால் சிறிதாகத் தொடங்கி ஏறும் தண்டனை வேண்டும் என்பவை அவர் கண்டதில் சில. நரிக்குடியில் அவர் வந்து உட்கார்ந்திருந்தால் பெரியவர்கள் 'இதுல என்ன புதுசு தாயி' என்றிருப்பார்கள். புதுசு இல்லைதான். ஆனால் விட்டுவிட்டோம்.

ஜேசிபி கணக்கு

இப்போது வாட்ஸ்அப் வசூலுக்கு வருவோம். 100 ஏக்கர் கண்மாய். தரை முழுக்க ஓர் அடி வண்டல் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 43 லட்சத்து 56 ஆயிரம் கன அடி மண். 100 கன அடி ஒரு யூனிட். டிராக்டர் டிப்பர் ஒரு நடைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் ஏற்றும். 43,560 நடை. 20 டிராக்டர் தினமும் 20 நடை அடித்தாலும் 100 நாளைத் தாண்டும். 200 தலைக்கட்டில் வீட்டுக்கு 500 போட்டுச் சேரும் ஒரு லட்சத்தில் இது நடக்காது. நடப்பது என்னவென்றால், ஒரு மூலையில் ஆழமாக ஒரு குழி விழும். எடுத்த மண்ணைக் கரையோரம் கொட்டுவார்கள். அடுத்த மழையில் அது உள்ளேயே சரியும்.

அந்தக் குழி மடையின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் போகாது. மாடு குடிக்கும், மீன் வளரும், பக்கத்துக் கிணற்றுக்கு ஊறும்; அதுவும் பயன்தான், ஆனால் பாசனம் என்று சொல்லி வசூலித்த காசு அது. இன்னும் தோண்டி அடியில் இருக்கும் களிமண் படிவத்தைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால், நின்ற தண்ணீரும் இறங்கிப் போகும். மட்டக்கருவி வைத்து மடை, கலுங்கு, தரை மூன்றின் மட்டத்தையும் ஒரு நாள் அளந்து பார்த்தாலே இந்தச் சேதத்தைத் தவிர்க்கலாம். ஊருக்குள் சிவில் படித்தவர், ஆர்க்கிடெக்சர் படித்தவர் யாராவது கண்டிப்பாக இருப்பார். அவரிடம் 500 ரூபாய் கேட்பதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்பது லாபம்.

வண்டலை அள்ள வேறு வழி இருக்கிறது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய் வண்டலை இலவசமாக எடுக்க அரசு அனுமதி தருகிறது. தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறும்படி 2024-ல் நடைமுறையை எளிதாக்கினார்கள். வண்டலை வயலில் போட விரும்பும் விவசாயி தன் டிராக்டர் செலவைத் தானே பார்த்துக்கொள்வார். ஊர் நிதியில் கை வைக்க வேண்டியதில்லை. ஊர் நிதி போக வேண்டிய இடங்கள் மூன்று: வரத்துக்கால், மடை, கலுங்கு. வரத்துக்காலில் சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது. அடிவேரோடு எடுக்காவிட்டால் ஒரே மழையில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மேல் ஊர் எல்லைக்குள் ஓடும் வரத்துக்காலைச் சுத்தம் செய்ய மேல் ஊர்க்காரரிடம் பேச வேண்டும். வசூலைவிடக் கஷ்டமான வேலை இதுதான். அவசியமான வேலையும் இதுதான். உள்ளே எவ்வளவு ஆழம் தோண்டினாலும், தண்ணீர் வரும் வழி அடைபட்டிருந்தால் அது வெறும் பள்ளம்.

வெளியூர்க்காரர் பணத்தில் நல்ல வேலை நடக்கவே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு, தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணியில் இளைஞர்கள் சேர்ந்து கைஃபா என்ற கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2019-ல் பேராவூரணி பெரிய குளத்தில் இறங்கினார்கள். உள்ளூரில் சேர்ந்தது கொஞ்சம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பியது கொஞ்சம். ஒரு குளத்தோடு நிற்காமல் அடுத்தடுத்த குளங்களுக்குப் போனார்கள். ஆனால் அது காவிரிக் கடைமடை. மேலேயிருந்து கால்வாயில் தண்ணீர் வரும் என்ற எதிர்பார்ப்பாவது உண்டு. நரிக்குடிக்கு அந்த எதிர்பார்ப்பு காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். கால்வாய் என்றைக்கு வந்து சேர்ந்தாலும், அந்தத் தண்ணீரையும் இதே வரத்துக்கால், இதே மடைதான் வாங்க வேண்டும்.

அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

எண் யாருடையது? தனிநபர் ஜிபேயா, சங்கத்தின் வங்கிக் கணக்கா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவு செய்த சங்கத்தின் கணக்கு, இரண்டு மூன்று பேர் கூட்டுக் கையெழுத்து என்றால் நல்லது. வருமான வரியில் 80ஜி கழிவு வேண்டுமானால் அந்த அமைப்புக்கு 80ஜி அனுமதி இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டவர் அனுப்பினால் ஆகும்; அதை வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். ஊர்ச் சங்கங்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

அடுத்து, வேலைக்கு அனுமதி உண்டா? கண்மாய் ஒன்றியத்துடையதா, நீர்வளத்துறையுடையதா என்று பார்த்து எழுத்தில் அனுமதி வாங்காமல் ஜேசிபி இறக்கினால், நல்ல காரியம் செய்யப் போய் மண் கடத்தல் வழக்கில் நிற்க நேரிடும். வேலைத் திட்டத்தில் மடை, கலுங்கு, வரத்துக்கால் இருக்கிறதா, இல்லை வெறும் 'தூர்வாருதல்' மட்டுமா? அளந்தது யார்? வசூலில் எவ்வளவு சதவீதத்தை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கப் போகிறார்கள்? ஊர்க்கூட்டத்தில் நிலம் இல்லாதவர்களும் பெண்களும் உட்கார்ந்தார்களா?

கடைசியாக மீன் காசு. குத்தகை கணக்கு பசலி ஆண்டுப்படி ஓடும்; பசலி ஜூலை 1-ல் தொடங்கும். ஊராட்சிக்கு வந்த மீன்பாசி வருமானம் எவ்வளவு, அதில் கண்மாய்க்குத் திரும்பியது எவ்வளவு என்பதைக் கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். கண்மாய் காயத் தொடங்கும் நேரம், வசூல் செய்தி வருவதற்குச் சில வாரங்கள் முன்பு.